கல்விசார் ஆலோசகர்களுக்கு ஒருநாள் செயலமர்வு: எதை வைக்கலாம், எதை விடலாம்?

வாவிக்கரை (மட்டக்களப்பு)

வணக்கம். எங்கள் பீடத்தில் கல்விசார் ஆலோசகர்களாக நியமிக்கப்பட்டிருக்கும் 24 விரிவுரையாளர்களுக்குச் செயலமர்வு ஒன்று நடத்த வேண்டியிருக்கிறது. ஆளுக்கு 15 முதல் 20 மாணவர்கள். பாதிப்பேர் தகுதிகாண் விரிவுரையாளர்கள், மற்றவர்கள் சிரேஷ்ட விரிவுரையாளர்கள். ஒருநாள் மண்டபம், இரண்டு தேநீர், மதியச் சாப்பாடு, ஒரு வெளிவளவாளருக்கான கொடுப்பனவு. பணம் அவ்வளவுக்குத்தான் இருக்கிறது.

இப்போதைய வரைவு இது: காலையில் "ஆலோசனை என்றால் என்ன" என்று வெளிவளவாளரின் 2 மணிநேர உரை, அடுத்து தொடர்பாடல் திறன், பின்னேரம் மன அழுத்தம் பற்றி ஒரு அமர்வு, கடைசியில் கலந்துரையாடல். இதே மாதிரி எத்தனையோ நடந்திருக்கின்றன, எதுவும் மாறவில்லை என்பதுதான் பொதுவான அபிப்பிராயம்.

எதை முதலில் வைக்க வேண்டும்? பாத்திரமேற்று நடிக்கும் பயிற்சி வைத்தால் சிரேஷ்டர்கள் ஒத்துழைப்பார்களா? சிங்களம் பேசும் மாணவர்களும் கணிசமாக இருப்பதால் மொழி விடயத்தை எப்படிக் கையாள்வது? பயன் இருந்ததா என்று பிறகு எதை வைத்துச் சொல்வது? திகதி பற்றியும் சொல்லுங்கள்.

---

வெளிச்சவீடு (ஒலுவில்)

அந்த 2 மணிநேர உரையை முதலில் வெட்டுங்கள். ஆலோசனை என்றால் என்ன என்று தெரியாமல் விரிவுரையாளர்கள் பிழை விடுவதில்லை. பிழை வருவது பரீட்சை விதிகளில். அன்பாகக் கேட்டு, ஆறுதலாகப் பேசி, கடைசியில் விதியைப் பிழையாகச் சொல்லி அனுப்பினால் அந்த மாணவருக்கு ஒரு வருடம் போகும். ஆகவே காலை முதல் அமர்வு மாணவர் கையேட்டை வைத்து நடக்கட்டும். வெளியிலிருந்து பேராசிரியரைத் தேடுவதைவிட உங்கள் பரீட்சைக் கிளை உதவிப் பதிவாளரை அரைநாள் மண்டபத்தில் உட்கார வையுங்கள். அன்றைக்கு மிகவும் பிரயோசனமான வளவாளர் அவர்தான்.

செய்யும் முறை: 12 சந்தர்ப்பங்கள், ஒவ்வொன்றும் நாலைந்து வரி. இருவருக்கு ஒரு தாள், கையேடு திறந்தபடி, 40 நிமிடம். பதிலோடு கையேட்டின் எந்தப் பிரிவு என்பதையும் எழுத வேண்டும். பிறகு 50 நிமிடம் ஒவ்வொன்றாகப் பேசலாம். பாடத்திட்டம் திருத்தப்பட்டிருந்தால் மாணவர் தொகுதிக்குத் தொகுதி விதி மாறும். ஆகவே இப்போது படிக்கும் எல்லாத் தொகுதிகளின் கையேடுகளும் மேசையில் இருக்க வேண்டும். புதிய கையேட்டைப் பார்த்துப் பழைய தொகுதி மாணவருக்குப் பதில் சொல்வதுதான் நான் அறிந்தவரை அடிக்கடி நடக்கும் பிழை.

ஒரு சந்தர்ப்பத்தை முழுதாகவே தருகிறேன், அப்படியே பாவியுங்கள். முதலாம் அரையாண்டில் ஒரு மாணவிக்கு 5 பாடம், ஒவ்வொன்றும் 3 கிரெடிட். பெறுபேறு பி, சி பிளஸ், சி, சி மைனஸ், டி. தரப்புள்ளி 3.00, 2.30, 2.00, 1.70, 1.00. எல்லாம் சம கிரெடிட் என்பதால் கூட்டி 5 ஆல் பிரித்தால் போதும், ஜிபிஏ, அதாவது சராசரித் தரப்புள்ளி, சரியாக 2.00. "சேர், 2 வந்திட்டுது, பாஸ்தானே?" என்று வருகிறாள். அடுத்த கேள்வி, "செக்கண்ட் கிளாஸ் எடுக்கலாமா?"

இங்கே ஆலோசகர்கள் இரண்டு இடத்தில் தடுக்குகிறார்கள். முதலாவது, ஜிபிஏ 2.00 இருந்தாலும் சி மைனஸும் டியும் எத்தனை கிரெடிட் வரை அனுமதி என்று கையேடு தனியாகச் சொல்லியிருக்கும், அதைப் பார்ப்பதில்லை. இரண்டாவது, மீள எழுதினால் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் பல இடங்களில் உச்சத் தரம் சி மட்டுமே. இரண்டு பாடத்தையும் மீள எழுதிச் சி எடுத்தால் அவளுடைய மொத்தப் புள்ளி 30 இலிருந்து 33.9 ஆகும், 15 ஆல் பிரித்தால் 2.26. பட்டம் 90 கிரெடிட், இரண்டாம் வகுப்புக் கீழ்நிலைக்கு 3.00 வேண்டும் என்றால் மொத்தம் 270 புள்ளி. மிச்சம் 236.1 புள்ளியை 75 கிரெடிட்டில் எடுக்க வேண்டும். அதாவது இனி ஒவ்வொரு பாடத்திலும் சராசரி 3.15, பி தரத்துக்குச் சற்று மேலே. கடினம், ஆனால் நடக்கக்கூடியது. மேல்நிலைக்கு 3.30 என்றால் சராசரி 3.51 வேண்டும், பி பிளஸையும் தாண்டி. இதைத் தாளில் போட்டுக் காட்டினால் அவளே முடிவெடுப்பாள். "கவலைப்படாதே, வடிவா எடுக்கலாம்" என்பதும் "இனி எங்கே கிளாஸ்" என்பதும் இரண்டுமே ஊகம்.

மற்றச் சந்தர்ப்பங்களில் இவை கட்டாயம் வரட்டும்: பரீட்சைக்கு வராத மாணவர் மருத்துவச் சான்றிதழை எத்தனை நாளுக்குள், யாரிடம், எந்த வைத்தியரிடமிருந்து கொடுக்க வேண்டும், ஏற்றுக்கொண்டால் அடுத்த முறை எழுதுவது மீள்பரீட்சையாக இல்லாமல் முதல் அமர்வாகக் கணிக்கப்படுமா என்பது. தவறவிட்ட பாடம் அடுத்த தொகுதியோடுதான் திரும்ப வரும் என்றால் அதை முன்தேவையாகக் கேட்கும் பாடங்களுக்கு என்ன நடக்கும் என்பது. வரவு வீதம். 80 வீதம் கேட்கும் இடத்தில், வாரம் 2 மணியாக 15 வாரம் நடக்கும் பாடத்துக்கு 30 மணியில் 24 வேண்டும், தவறவிடக்கூடியது மூன்றே மூன்று வாரம். டெங்கு ஒன்று வந்தாலே அது முடிந்துவிடும். இதைத் தெரிந்த ஆலோசகர் மாணவர் சுகமாகித் திரும்பி வரும்வரை பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்.

இன்னொன்று, பகுதிநேர வேலை. இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி 1 கிரெடிட் என்பது 50 மணிநேரக் கற்றல், விரிவுரையும் சொந்தப் படிப்பும் பரீட்சையும் எல்லாம் சேர்த்து. அரையாண்டுக்கு 15 கிரெடிட் என்றால் 750 மணி. 15 வாரத்துக்குப் பிரித்தால் வாரம் 50 மணி, பரீட்சைக்கால வாரங்களையும் சேர்த்தால் கொஞ்சம் குறையும். கல்முனையில் கடையொன்றில் பின்னேரம் 5 மணி முதல் 10 மணி வரை நிற்கிற பிள்ளையோடு இந்தக் கணக்கைச் சேர்ந்து போட்டுப் பாருங்கள். வேலையை விடு என்று சொல்லவே தேவையில்லை. எத்தனை நாள் நிற்கலாம் என்ற பேச்சு தானாக வரும்.

---

தாழங்குடா ரீச்சர்

வெளிச்சவீடு சேர் சொன்னது சரி. நான் பாத்திரமேற்று நடித்தல் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் செயலமர்வுகளில் கூடப் பழுதாகிறது அதுதான்.

மேடையில் இருவர் நடிக்க மற்ற 22 பேரும் பார்த்துச் சிரிக்கும் முறை வேண்டவே வேண்டாம். சிரேஷ்டர்கள் ஒத்துழைக்காததற்குக் காரணமும் அதுதான், சபைக்கு முன்னால் பிழை விட யாருக்கு விருப்பம்? மூவர் மூவராகப் பிரியுங்கள்: ஆலோசகர், மாணவர், கவனிப்பவர். 24 பேருக்கு எட்டுக் குழு. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவதால் யாரும் யாரையும் பார்ப்பதில்லை. பேச்சு 7 நிமிடம், பின்னூட்டம் 5 நிமிடம், பிறகு பாத்திரம் மாறும். மூன்று சுற்றுக்கு 36 நிமிடம், அறிமுகத்துக்கும் இடம் மாறுவதற்கும் சேர்த்து ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள். மணி அடிக்க ஒருவர் வேண்டும். அது ஒழுங்கமைப்பாளராக இருக்கட்டும், வளவாளர் சுற்றி நடந்து கேட்க வேண்டும்.

குழுவில் ஒரே துறையைச் சேர்ந்தவர்களைப் போடாதீர்கள், ஆனால் ஒரே தரத்தில் உள்ளவர்களைப் போடுங்கள். பேராசிரியர் ஆலோசகராக இருக்க, போன வருடம் சேர்ந்த தகுதிகாண் விரிவுரையாளர் கவனிப்பாளராக இருந்தால் பின்னூட்டம் "நல்லா இருந்தது சேர்" என்ற ஒரு வரியோடு முடியும்.

மாணவராக நடிப்பவருக்கு அட்டை வேண்டும். அட்டையில் இரண்டு பகுதி: வந்தவுடன் சொல்வது, கேட்டால் மட்டும் சொல்வது. உதாரணமாக:

வந்தவுடன் சொல்வது: "மிஸ், காலை 8 மணிப் பாடத்தை விட்டுப்போட்டு வேறு பாடம் எடுக்கலாமா?" கேட்டால் மட்டும் சொல்வது: படுவான்கரையிலிருந்து துறை தாண்டி வருகிறேன், முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் எட்டரைக்குத்தான் வந்து சேரலாம். பிந்திப் போனால் எல்லாருக்கும் முன்னால் பேச்சு விழுகிறது, அதனால் இப்போது அந்தப் பாடத்துக்குப் போவதே இல்லை. விடுதிக்கு விண்ணப்பித்தேன், கிடைக்கவில்லை. பாடம் பிடிக்கும்.

இந்த அட்டையை வைத்துக்கொண்டு பாருங்கள், முக்கால்வாசிப்பேர் முதல் நிமிடத்திலேயே பாடம் மாற்றும் படிவத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்கள். விடுதியும் பயணமும் வெளியே வராமலே 7 நிமிடம் முடியும். அதைக் காட்டுவதற்குத்தான் அட்டையே. படிவம் கேட்டு வந்தவருக்குப் படிவத்தைக் கொடுத்து அனுப்புவது பதிவாளர் கிளையின் வேலை.

கவனிப்பவர் தாளில் நாலு கேள்விதான் இருக்க வேண்டும். ஆலோசகர் முதல் அறிவுரையை எத்தனையாவது நிமிடத்தில் சொன்னார்? "ஏன்", "எப்படி", "சொல்லுங்கோ பாப்பம்" மாதிரி விரிவான பதில் கேட்கும் கேள்வி எத்தனை, ஆம் இல்லை கேள்வி எத்தனை? அட்டையின் இரண்டாம் பகுதியில் எவ்வளவு வெளியே வந்தது? முடிவில் அடுத்த படியை யார் தன் வாயால் சொன்னார், மாணவரா ஆலோசகரா? எண்ணிக்கையாக இருந்தால் யாரும் யாரையும் குறை சொன்னதாக ஆகாது. "முதல் அறிவுரை 40 ஆவது செக்கன்" என்று எழுதியிருப்பதை யாரும் தன்மீதான விமர்சனமாக எடுப்பதில்லை, சிரித்துவிட்டு அடுத்த சுற்றில் தாமாகவே பொறுத்துக்கொள்வார்கள்.

மாணவராக நடிப்பவர் பகிடியாக்குவது இன்னொரு தொல்லை. "சேர் எனக்கு லவ் பெயிலியர்" என்று தொடங்கினால் அந்தக் குழு முழுதும் போய்விடும். அட்டையில் இல்லாததைச் சேர்க்கக்கூடாது என்று முதலிலேயே சொல்லுங்கள்.

மொழி: மூன்று சுற்றில் ஒன்றாவது சிங்களத்தில் அல்லது எளிய ஆங்கிலத்தில் நடக்கட்டும். பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும் கஷ்டத்தை எவரும் ஆங்கிலத்தில் சொல்ல மாட்டார். சிங்களம் தெரியாத ஆலோசகர் என்ன செய்வார் என்பதை அன்றே முடிவெடுங்கள். பீடத்தில் சிங்களம் நன்றாகப் பேசும் இருவர் மூவரின் பெயரை முன்கூட்டியே குறித்துக்கொண்டு, மாணவரின் சம்மதத்தோடு அவர்களிடம் மாற்றிவிடலாம். அறைத்தோழனைக் கூட்டிவந்து மொழிபெயர்க்க வைப்பதைத் தவிருங்கள். பாட விடயத்துக்கு அது பரவாயில்லை. வீட்டு நிலைமை, பகிடிவதை, காசுப் பிரச்சினை எதுவும் அறைத்தோழன் முன்னால் வெளியே வராது. பகிடிவதையில் அந்த அறைத்தோழனே சம்பந்தப்பட்டிருக்கவும் கூடும்.

---

சம்மாந்துறையான்

திகதி பற்றி யாரும் தொடவில்லை. கார்த்திகை, மார்கழி, தை வேண்டாம். வடகீழ்ப் பருவமழையில் ஒரு நாள் வெள்ளம் வந்தால் பாதிப்பேர் வர முடியாது, வந்தவர்களும் மதியத்துக்குப் பிறகு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பாடப்பதிவு தொடங்குவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்னால் வையுங்கள், படித்ததை உடனே பாவிக்கலாம். பதிவு முடிந்த பிறகு வைத்தால் அடுத்த அரையாண்டுக்குள் எல்லாம் மறந்துபோகும்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ இருக்கிறது, 12 முதல் 2 மணி வரை நிகழ்ச்சி எதுவும் வைக்க முடியாது. நோன்பு மாதத்தையும் தவிருங்கள். சாப்பாட்டில் மரக்கறிப் பார்சல் எத்தனை, மற்றது எத்தனை என்று வருகையை உறுதிப்படுத்தும்போதே கேட்டு வையுங்கள். இறைச்சி, கோழி ஹலாலாக இருக்கட்டும்.

ஆரம்ப வைபவத்தில் கண்ணாக இருங்கள். மங்கள விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, நினைவுச்சின்னம், குழுப்படம் என்று போனால் 9 மணிக்குத் தொடங்கியது பத்தேகாலுக்குத்தான் ஓயும். பீடாதிபதியிடம் முன்கூட்டியே போய், "சேர், 10 நிமிடம் மட்டும், ஆனால் இது பீடத்தின் முடிவு என்பதை நீங்களே சொல்ல வேண்டும்" என்று கேளுங்கள். படத்தைத் தேநீர் நேரத்தில் எடுக்கலாம்.

---

வாவிக்கரை

எல்லாருக்கும் நன்றி. இன்னும் ஒரு விடயம். எங்கள் ஏற்பாட்டுக் குழுவில் ஒருவர், கல்விசார் ஆலோசனைக்கான அமெரிக்காவின் நகாடா அமைப்பின் சட்டகத்தை வைத்து நிகழ்ச்சிநிரலை அமைக்க வேண்டும் என்கிறார். அவரிடம் 60 ஸ்லைட் இருக்கிறது. எடுக்கலாமா?

---

மேசைவிளக்கு (அக்கரைப்பற்று)

சட்டகத்தை எடுங்கள், ஸ்லைடை விடுங்கள்.

நகாடா 1979 இல் தொடங்கிய அமைப்பு. 2017 இல் அவர்கள் வெளியிட்ட ஆலோசகர் தகைமைகள் மூன்று கூறாக இருக்கின்றன: கருத்துநிலை அறிவு, தகவலறிவு, உறவாடும் திறன். மேலே வெளிச்சவீடு சேர் சொன்னது முழுக்கத் தகவலறிவு, ரீச்சர் சொன்னது உறவாடும் திறன். அதாவது பெயர் சொல்லாமலே மூன்றில் இரண்டு உங்கள் கையில் வந்துவிட்டது. மிஞ்சியது கருத்துநிலை, அதாவது ஆலோசனை எதற்கு என்ற அடிப்படை, அதற்கு 25 நிமிடம் தாராளமாகப் போதும்.

அந்த 25 நிமிடத்தில் ஒரேயொரு வேறுபாட்டை மட்டும் சொல்லுங்கள். 1972 இல் குரூக்ஸ்டன் என்பவர் ஆலோசனையை இரண்டாகப் பிரித்தார். ஒன்று, வைத்தியர் மருந்துச் சீட்டு எழுதுவதைப்போல விடையை ஆலோசகரே கொடுப்பது. மற்றது, மாணவர் முடிவெடுக்கும் திறனை வளர்ப்பது. நம்மிடத்தில் நடப்பது பெரும்பாலும் முதலாவது, அதை முற்றாகத் தூற்றவும் தேவையில்லை. சான்றிதழ் கொடுக்கும் கடைசி நாள் நாளைக்கு என்றால் நேராக விடையைச் சொல்லத்தான் வேண்டும். சிறப்புக் கற்கைக்கு எந்தத் துறையை எடுப்பது என்றால் சொல்லக்கூடாது. 10 கேள்விகளைக் கொடுத்து, எது எந்த வகை என்று கை உயர்த்தச் சொல்லுங்கள். வாக்குவாதம் வரும், அதுதான் வேண்டியது.

ஸ்லைடை ஏன் விடச் சொல்கிறேன் என்றால், அங்கே பல கல்லூரிகளில் ஆலோசகர் என்பது முழுநேரத் தொழில். நமக்கு விரிவுரையோடு, ஆய்வோடு, விடைத்தாள் திருத்துவதோடு சேர்ந்து வரும் இன்னொரு வேலை. அதோடு, அங்கே முதல் இரண்டு வருடம் மாணவர் பாடங்களைத் தேடித் தெரியும் காலம். இங்கே உயர்தரப் பிரிவும் இசட் புள்ளியும் சேர்ந்து பீடத்தை முன்னரே தீர்மானித்துவிடுகின்றன. ஆகவே பிரதான துறையைத் தெரிவது பற்றிய 20 ஸ்லைட் நமக்குப் பொருந்தாது. நமக்குப் பொருந்துவது முன்கூட்டியே தேடிப் போகும் முறை, அதாவது மாணவர் வரும்வரை காத்திராமல் அறிகுறி கண்டவுடன் அழைப்பது. 3 ஆம் வாரத்தில் வரவுப் பட்டியல், முதல் தொடர்மதிப்பீடு முடிந்தவுடன் புள்ளி, இந்த இரண்டு நேரத்தில் ஆலோசகர் கையில் பட்டியல் கிடைக்க என்ன ஒழுங்கு என்று அன்றே முடிவெடுத்தால் அதுவே பெரிய காரியம். யார் அனுப்புவது, என்ன திகதிக்கு, எந்த வடிவில் என்று எழுத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நடக்காது.

---

கல்லடிப்பாலம்

"மன அழுத்தம்" என்று போட்டிருக்கும் பின்னேர அமர்வைப் பற்றிச் சொல்கிறேன். அதை மாற்றி, "எது என் வேலை, எது இல்லை" என்று வையுங்கள். அரைநாளில் யாரும் உளவளத்துணையாளர் ஆக முடியாது. ஆகிவிட்டதாக நினைத்துக்கொண்டு போவதுதான் ஆபத்து.

பெரிய தாள் ஒன்றில் நாலு நிரல் போடுங்கள்: கல்விசார் ஆலோசகர், மாணவர் ஆலோசகர் (மாணவரின் தனிப்பட்ட பிரச்சினைகளைக் கேட்பவர்), தொழில் வழிகாட்டல் அலகு, வைத்திய நிலையம். 20 சிறு அட்டைகளில் பிரச்சினைகளை எழுதிக் கொடுத்து ஒட்டச் சொல்லுங்கள். மகாபொல புலமைப்பரிசில் வரவில்லை, காதலில் முறிவு, நித்திரை இல்லை, பகிடிவதை, பயிலுநர் வேலை தேடுதல், விரிவுரையாளரோடு முரண்பாடு, இப்படி. எந்த நிரலிலும் சேராத அட்டைகள் வரும். மகாபொலவுக்கு நலன்புரிக் கிளை என்று ஐந்தாவது நிரல் தேவைப்படும். விரிவுரையாளரோடு முரண்பாடு என்ற அட்டை அநேகமாகச் சுவரில் இடம் கிடைக்காமல் கையிலேயே நிற்கும். அதற்கு யாரிடம் போவது என்று பீடாதிபதி இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

அனுப்புவது என்றால் "அங்கே போய்ப் பார்" என்று சொல்வதல்ல. மாணவர் முன்னாலேயே தொலைபேசி எடுத்து, பெயரும் நேரமும் ஒழுங்குசெய்து, அவர் விரும்பினால் வாசல்வரை கூடப் போவது. ஒரு வாரம் கழித்துப் போனாரா என்று கேட்பது. என்ன பேசினார்கள் என்று கேட்கக்கூடாது.

பகிடிவதை வந்தால் ஆலோசகர் விசாரணை நடத்தக்கூடாது. 1998 இன் 20 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அது குற்றம், ஒழுக்காற்று நடைமுறையும் தனியாக இருக்கிறது. ஆலோசகர் செய்ய வேண்டியது கேட்பது, சொன்னதைச் சொன்ன வார்த்தையில் திகதியோடு குறிப்பது, அன்றே உரியவருக்கு அறிவிப்பது, பிள்ளை இரவு எங்கே தங்கப்போகிறார் என்று உறுதிப்படுத்துவது. சிரேஷ்ட மாணவர்களைக் கூப்பிட்டுச் சமாதானம் பேசினால் முறைப்பாடு செய்தவர் யார் என்பது அன்று மாலைக்குள் விடுதி முழுக்கத் தெரிந்துவிடும்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பற்றி ஒரு வார்த்தை வந்தாலும் நேராகக் கேட்க வேண்டும், கேட்பதால் எண்ணம் தோன்றுவதில்லை. தனியே விடக்கூடாது. மாணவர் ஆலோசகரையும் வைத்திய நிலையத்தையும் உடனே அழைக்க வேண்டும், வேலை நேரம் கடந்திருந்தால் வைத்தியசாலைக்கே கூட்டிப்போக வேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தை எல்லாருடைய கைபேசியிலும் அங்கேயே பதியச் சொல்லுங்கள். "யாருக்கும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் பண்ணுங்கோ மிஸ்" என்று மாணவர் கேட்பார். அதற்கு என்ன பதில் என்று ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். "உங்கட உயிருக்கு ஆபத்தென்டா மட்டும் உதவி செய்யிற ஒருத்தருக்குச் சொல்லுவன், அதையும் உங்களுக்குச் சொல்லிப்போட்டுத்தான் செய்வன்" என்பது நல்ல பதில். முதலில் சத்தியம் பண்ணிவிட்டுப் பிறகு முறிப்பது மிக மோசமானது.

பதிவுகள். பல இடங்களில் சீஆர் கொப்பி ஒன்றில் எழுதி மேசையில் விட்டுப்போவார்கள், அடுத்து வரும் மாணவர் முந்தியவரின் கதையை வாசிப்பார். ஒரு மாணவருக்கு ஒரு தாள், பூட்டும் அலுமாரி. எழுத வேண்டியது திகதி, விடயம், சொன்ன தகவல், மாணவர் செய்வதாகச் சொன்னது, எந்தத் திகதிக்குள், யாரிடம் அனுப்பப்பட்டது. குடும்ப விடயத்தை விபரமாக எழுதத் தேவையில்லை, "தனிப்பட்ட விடயம், மாணவர் ஆலோசகரிடம் அனுப்பப்பட்டது" போதும். பெறுபேறுகளைச் சுட்டிலக்கத்தோடு வட்ஸ்அப் குழுவில் போடும் பழக்கத்தையும் அன்றே நிறுத்துங்கள். 2022 இன் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது என்பதைவிட, தோற்ற பிள்ளை அதற்குப் பிறகு ஆலோசகர் பக்கமே வரமாட்டார் என்பதே எனக்குப் பெரிய காரணம்.

---

மேசைவிளக்கு

பயன் அறிவது பற்றிய கேள்வி அப்படியே நிற்கிறது. மாலையில் கொடுக்கும் மதிப்பீட்டுப் படிவம் சாப்பாடு நன்றாக இருந்ததா, வளவாளர் நல்லவரா என்பதைத்தான் சொல்லும். பயிற்சியின் பயனை அளக்கும் கேர்க்பற்றிக்கின் நாலு படிகளில் அது முதலாவது மட்டுமே. கற்றார்களா என்று அறிய வெளிச்சவீடு சேரின் 12 சந்தர்ப்பங்களில் ஐந்தை மாற்றி எழுதி மாலையில் திரும்பக் கொடுங்கள். நடத்தை மாறியதா என்று அறிய ஆறு வாரம் கழித்து ஒன்றரை மணிநேரத் தொடரமர்வு வையுங்கள். ஒவ்வொருவரும் பெயரை மறைத்த மூன்று ஆலோசனைத் தாள்களோடு வர வேண்டும். "மாணவர் செய்வதாகச் சொன்னது" என்ற வரி நிரம்பியிருக்கிறதா, திகதி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

சான்றிதழை அந்தத் தொடரமர்வில்தான் கொடுக்க வேண்டும். முதல்நாள் மாலையே கொடுத்துவிட்டால் பதவியுயர்வுக் கோப்புக்குள் அது போய்விடும், ஆள் திரும்ப வராது.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் 2015 ஆம் ஆண்டுக் கற்கைநெறி மீளாய்வுக் கைநூலில் கற்றல் சூழலும் மாணவர் ஆதரவும் முன்னேற்றமும் தனி நியமமாக இருக்கிறது. மீளாய்வுக்கு வருபவர்களிடம் விளக்கேற்றும் படமும் ஒப்பப் பட்டியலும் காட்டுவதைவிட இந்தத் தாள்களின் தொகுப்பு எவ்வளவோ மேல். உங்கள் உள்ளக தர உறுதிப்பாட்டு அலகை இப்போதே சேர்த்துக்கொண்டால் தொடரமர்வுக்கான தேநீர்ச் செலவும் அங்கிருந்து வரக்கூடும்.

ஒரு விடயத்தில் வெளிச்சவீடு சேரோடு உடன்பட முடியவில்லை. 12 சந்தர்ப்பம் கூடுதல். 40 நிமிடத்தில் கையேட்டைப் புரட்டிப் புரட்டி ஏழு எட்டுத்தான் முடியும், கடைசி நாலை ஊகத்தில் எழுதுவார்கள். எட்டு வையுங்கள்.

---

வெளிச்சவீடு

எட்டு என்றால் சரி, ஆனால் மருத்துவச் சான்றிதழையும் வரவையும் வெட்டாதீர்கள். வெட்டுவதென்றால் பாட இடமாற்றம் பற்றியதை வெட்டுங்கள், அது ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும்.

---

வாவிக்கரை

கடைசிச் சந்தேகம். சிரேஷ்டர்கள் பரீட்சைத் தாள் மாதிரி ஒன்றை எழுதச் சம்மதிப்பார்களா? "எங்களுக்கே டெஸ்டா?" என்று ஒருவர் ஏற்கனவே கேட்டுவிட்டார்.

---

தாழங்குடா ரீச்சர்

தாளில் பெயர் எழுதும் இடமே வைக்காதீர்கள், திரும்ப வாங்கவும் வேண்டாம். இருவராகச் செய்வதால் பிழை யாருடையது என்று தெரியாது. விடையை உதவிப் பதிவாளர் சொல்லச் சொல்ல அவர்களே திருத்திக்கொள்ளட்டும். நீங்கள் அறிய வேண்டியது ஆட்களின் புள்ளி அல்ல, எந்தக் கேள்வி பிழைத்தது என்பது. ஒவ்வொரு கேள்விக்கும் "பிழைத்த சோடிகள்?" என்று கேட்டுக் கையை எண்ணிக் குறியுங்கள். "எங்களுக்கே டெஸ்டா?" என்று கேட்ட அந்த சேரையே கையேட்டின் குழப்பமான பிரிவுகளைக் குறித்துவைக்கும் பொறுப்புக்கு இப்போதே கேட்டுப் பாருங்கள். 12 சோடியில் எட்டுச் சோடி ஒரே கேள்வியைப் பிழைத்திருந்தால் அந்தப் பிரிவு எழுதியிருக்கும் விதத்திலேயே பிரச்சினை இருக்கிறது, பீடச் சபைக்குப் போக வேண்டியது அது.